ராக்கர் வைத்த பவுடர் ஸ்கீ: பைண்டிங்கைக் கோட்டிலேயே மாட்டவா, பின்னால் தள்ளவா?

முட்டத்துப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் முட்டம். மூன்று குளிர்காலமாக ஜப்பானில் நிசெகோ பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. சீசன் முடிந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதால் பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் முன்னறையில் அப்பாவின் வலைமூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னலே இது, புது மாதிரி துடுப்பா?" என்று கேட்கிறார்கள்.

ஏப்ரலில் நிசெகோ பக்கத்து ஊரான குட்சானில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. நீளம் 186 செ.மீ., நடு அகலம் 116 மி.மீ. முன்முனையும் வாலும் நன்றாக மேல்நோக்கி வளைந்த ராக்கர். காலுக்கு அடியில் மட்டும் லேசாக வில் மாதிரி கேம்பர். ஸ்கீ பூட்ஸைப் பலகையோடு பிடிக்கிற முன், பின் பாகங்கள், அதாவது பைண்டிங், இல்லாமல் கிடைத்தது. யாரோ கழற்றிவிட்டு ஓட்டைகளில் பிளாஸ்டிக் தக்கை அடித்திருக்கிறார்கள். எனக்கு வேறு இடத்தில் ஒரு பைண்டிங் மலிவாகக் கிடைத்துப் பெட்டியில் இருக்கிறது.

இதுவரை நான் ஓட்டியது எல்லாம் வாடகை ஸ்கீ. பவுடர் என்கிற ஆழமான புதுப்பனியில் முனை புதைந்துபோகும். அதைத் தூக்கிப் பிடிக்கப் பின்னால் சாய்ந்து சாய்ந்து, ராத்திரி ஷிஃப்டில் அடுப்பு முன் நிற்கும்போது தொடை நடுங்கும். போன ஜனவரியில் பிர்ச் மரங்களுக்கு நடுவே முனை குத்தித் தலைகுப்புறப் போனேன். ஒரு ஸ்கீ பனிக்குள் எங்கோ போய்விட்டது. தோண்டி எடுக்க அரை மணி நேரம். கூட வந்தவர்கள் எல்லாம் சொன்னது ஒன்றுதான்: "புதுசு வாங்கினால் பைண்டிங்கைப் பின்னால் தள்ளி மாட்டு."

ஸ்கீயில் கம்பெனி போட்ட கோடு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு செ.மீ.க்கும் சிறு கோடுகள். நான் 62 கிலோ, உயரம் 168. கோட்டிலேயே மாட்டவா, 2, 3 செ.மீ. பின்னால் தள்ளவா? குளச்சலில் மாமா பையனிடம் டிரில் இருக்கிறது, இங்கேயே ஓட்டை போட்டுக்கொள்ளலாமா?

இன்னொன்று. விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அப்பா ஜூலை கடைசி வரை வீட்டில்தான். நேற்று ஸ்கீயை உள்ளங்கையில் வைத்து நிறுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அணியமும் தூக்கியிருக்கு, அமரமும் தூக்கியிருக்கு. இதுல ஆளு எங்கலே நிப்பான்?" (அணியம் என்றால் படகின் முன்மூக்கு, அமரம் பின்பக்கம்.) நான் மூன்று வாரமாக இணையத்தில் தேடுவதும் அதைத்தான்.


பட்டாளத்துக்காரன்_மார்த்தாண்டம்:

தம்பி, நான் குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பனிச்சறுக்கு படித்தவன். சில்லாய் கலான் என்று டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் கடுங்குளிர் உண்டு. அந்த நாட்களில் அஃபர்வத் சரிவில் இடுப்பு வரை பனி கிடக்கும். எங்களுக்குக் கொடுத்தது எல்லாம் இரண்டு மீட்டர் நீளத்தில் ஒடுங்கலான, நேரான பலகை. வாத்தியார் சொன்ன ஒரே மந்திரம், "பின்னால் உட்கார், முனையைத் தூக்கு." தொடை எரியும்தான், ஆனால் முனை மேலே வரும்.

அதனால் என் ஓட்டு பின்னால் 3 செ.மீ. கோடு எல்லாம் கம்பெனிக்காரன் அவன் வசதிக்குப் போடுவது.


தக்கலை_டு_விஸ்லர்:

அண்ணாச்சி, மரியாதையோடு மறுக்கிறேன். நான் கனடாவில் விஸ்லரில் ஒரு கடையில் பைண்டிங் மாட்டும் வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொன்னது உங்கள் பலகைக்குச் சரி. அதில் முனை தானாக மேலே வராது, ஆள்தான் தூக்க வேண்டும். ராக்கர் என்பதே அந்த வேலையை ஆளிடமிருந்து பலகைக்கு மாற்றியதுதான். முன்பகுதி ஏற்கெனவே தூக்கி இருக்கிறது, அகலம் வேறு 116. இதன் மேல் நடுவில் நேராக நின்றாலே மிதக்கும்.

இந்த யோசனை வந்த வழியும் தண்ணீர்தான். ஷேன் மெக்காங்கி என்கிற ஸ்கீ வீரர் அலாஸ்காவில் தண்ணீரில் ஓட்டும் ஸ்கீயில் பைண்டிங் மாட்டிப் பனிமலையில் இறங்கிப் பார்த்தார். அப்புறம் 2000-களின் தொடக்கத்தில் வந்ததுதான் வோலண்ட் ஸ்பாட்யூலா. முழுக்க வாழைப்பழம் மாதிரி வளைந்த பலகை. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். இன்று பவுடர் ஸ்கீ என்று விற்கும் எதை எடுத்தாலும் அதன் சாயல் இருக்கும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். உன் கேள்வியில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. ஸ்கீக்கு எது நல்ல இடம் என்பது ஒன்று. அந்தப் பழைய ஓட்டைகள் எந்த இடத்தை விட்டுவைத்திருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்க்காமல் டிரில்லைத் தொடாதே.

முதலாவதுக்குச் சுருக்கமாக: ஸ்கீ பூட்டின் (காலணியின்) அடியில் பக்கவாட்டில் நடுக்கோடு ஒன்று இருக்கும். அது ஸ்கீயின் கோட்டில் உட்கார வேண்டும். பைண்டிங்கின் நடு அல்ல, பூட்டின் நடு. வித்தை காட்டுகிற ஸ்கீ பார்க்கில் தலைகீழாகச் சுற்றும் பையன்கள் ஸ்கீயின் நிஜ நடுவிலேயோ 2, 3 செ.மீ. பின்னாலேயோ மாட்டுவார்கள். நேராக இறங்க மட்டுமே செய்த பவுடர் ஸ்கீயில் கம்பெனிக் கோடே நடுவுக்கு 8 முதல் 11 செ.மீ. பின்னால் இருக்கும். ஆக உன் கோடு எங்கே என்று தெரியாமல் "பின்னால் தள்ளு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஏற்கெனவே 10 பின்னால் இருப்பதை இன்னும் 3 தள்ளினால் கப்பலின் அமரத்தில் நின்று திருப்புகிற மாதிரிதான்.

இதை எல்லாம் அளந்து சொல்:

வாலிலிருந்து முனை வரை நேர் அளவு. டேப்பை வளைவோடு ஒட்டிப் பிடிக்காதே, விறைப்பாக இழு. ராக்கர் ஸ்கீயில் இரண்டுக்கும் ஒரு செ.மீ.க்கு மேலேயே வித்தியாசம் வரும். பலர் தப்புவது இங்கேதான்.

வாலிலிருந்து கம்பெனிக் கோடு எவ்வளவு தூரம்.

உன் பூட்டின் அடி நீளம். குதிகால் பக்கம் மி.மீ.யில் பொறித்திருக்கும்.

பழைய ஓட்டைகள் எந்த பைண்டிங்குக்கு, எந்தக் கோட்டில் போட்டது என்று ஏதாவது தடயம்.

அப்புறம் ஸ்கீயைச் சமதரையில் வைத்து, நடுவில் யாரையாவது அழுத்தச் சொல்லி, முனைக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து அது எங்கே சிக்குகிறது என்று பார். வாலிலும் அப்படியே.


முட்டத்துப்பையன்:

அண்ணா, நேற்று முழுக்க இதே வேலை. முன்னறை மொசைக் தரையில் அப்பா அழுத்த, நான் பழைய மின்சாரக் கட்டண ரசீதை நுழைத்தேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

நேர் அளவு 184.6 செ.மீ.

வாலிலிருந்து கம்பெனிக் கோடு 84.0.

என் பூட் 297 மி.மீ.

தடயம் இருக்கிறது! தக்கைகளுக்குப் பக்கத்தில் வெள்ளிப் பேனாவில் 315 என்று எழுதி, +3 கோட்டில் (கம்பெனிக் கோட்டுக்கு 3 செ.மீ. முன்னால்) ஒரு புள்ளி. பைண்டிங் என் பெட்டியில் இருக்கும் அதே மாடல்தான் போல. தாளில் என் பைண்டிங்கின் ஓட்டைகளைக் குத்தி எடுத்து மேலே வைத்தேன், முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

தாள் முன்முனையிலிருந்து 42 செ.மீ.யில் சிக்கியது. வாலிலிருந்து 32-ல்.


தக்கலை_டு_விஸ்லர்:

அருமை. இனி கணக்கு.

184.6-இல் பாதி 92.3. கோடு 84.0. அதாவது நிஜ நடுவுக்கு 8.3 பின்னால். கேட்டால் "அடேயப்பா, இவ்வளவு பின்னாலா" என்று தோன்றும். ஆனால் கெட்டிப் பனியில் தரையைத் தொடுவது உன் தாள் சிக்கிய இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள பகுதி மட்டும்தான். 184.6-இல் 42-ம் 32-ம் கழித்தால் 110.6. அதன் நடு வாலிலிருந்து 87.3. அங்கிருந்து பார்த்தால் உன் கோடு 3.3 தான் பின்னால். முன்ராக்கர் வால்ராக்கரைவிட நீளம் என்பதால் இப்படி. 186 என்று வாங்கிய பலகை, லிஃப்டுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும் காலைப் பனியில் 110 செ.மீ. பலகை மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆழப் பனியில் இறங்கியதும் வளைந்த முனையும் வாலும் வேலைக்கு வந்து முழு 186 ஆகிவிடும். இரண்டு இடத்துக்கும் ஒரே ஜோடி ஓட்டைதான் என்பதுதான் சிக்கலே.

இனி பழைய ஓட்டைகள். அவன் பூட் 315, உன்னுடையது 297. வித்தியாசம் 18, பாதி 9. ஒரே கோட்டில் மாட்டினாலும் உன் முன்பாகம் அவனுடையதைவிட 9 மி.மீ. பின்னாலும், பின்பாகம் 9 மி.மீ. முன்னாலும் வரும். அவன் மாட்டியது +3-இல். நீ 0-வில் மாட்டினால் முன்பாகம் 30-ம் 9-ம் சேர்ந்து 39 மி.மீ. பின்னால் போகும்.

உன் தாளை எடுத்து, முன்பாகத்தில் முன்வரிசை ஓட்டைக்கும் பின்வரிசை ஓட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று சொல். நடுவிலிருந்து நடு வரைக்கும்.


முட்டத்துப்பையன்:

42 மி.மீ. அண்ணா. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அப்பாவுடைய இஞ்சின் மெக்கானிக் தந்தது.


தக்கலை_டு_விஸ்லர்:

பயந்தது சரியாகிவிட்டது. முன்பாகம் 39 பின்னால் போனால், உன் புது முன்வரிசை அவன் பழைய பின்வரிசையிலிருந்து 3 மி.மீ. தள்ளி விழும். ஓட்டையின் விட்டமே ஏறக்குறைய 4. அதாவது பழைய தக்கையின் ஓரத்தைத் தின்றுகொண்டு புது ஸ்க்ரூ இறங்கும். அங்கே பிடிப்பே இருக்காது. நடுவிலிருந்து நடுவுக்கு 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆக கம்பெனிக் கோடு உனக்குப் பூட்டிக் கிடக்கிறது.

−1-இல் மாட்டினால் 49 நகரும். இடைவெளி 7. வேண்டாம்.

−2-இல் 59 நகரும். இடைவெளி 17. நல்லது.

+1-இல் 29 நகரும். இடைவெளி 13. நல்லது. பின்பாகம் 11 மி.மீ. நகரும், அதுவும் தப்பித்துவிடும்.

ஆகக் கையில் இருப்பது +1-ம் −2-ம் மட்டும். நான் +1 என்பேன். காரணம் சொல்கிறேன்.

நீ 62 கிலோ. 186-க்கு 116 பலகை உன்னை மாதிரி ஆளுக்குத் தாராளம். மிதப்பதற்கு இடத்தைத் தள்ளிக் கூடுதல் உதவி வேண்டியதில்லை. +1 என்றாலும் நிஜ நடுவுக்கு 7.3 பின்னால்தான் நிற்பாய். பார்க் பையன்கள் இடம் அல்ல அது. பிர்ச் மரங்களுக்கு நடுவே ஓட்டுகிறேன் என்கிறாய். அங்கே வேண்டியது சட்டென்று திருப்பம். முன்னே நகர நகர வால் நீளும், முனை குறையும், காலடியில் பலகை சுழல்வது லேசாகும். −2-இல் நின்றால் முன்னால் ஒரு நீண்ட மூக்கைத் தள்ளிக்கொண்டு மரம் மரமாகத் திருப்ப வேண்டும். காலைக் கெட்டிப் பனியில் முனை தட்டிக்கொண்டு அலையும்.

இன்னொரு காரணம் உனக்குப் பிடிக்காது. நீ பின்னால் சாய்ந்து ஓட்டப் பழகியவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பழக்கத்தோடு பைண்டிங்கையும் பின்னால் தள்ளினால் இரட்டிப்புப் பின்னால். முனை காற்றில் நிற்கும், திருப்பத் திருப்ப ஸ்கீ கேட்காது, தொடை இன்னும் எரியும். வாடகை ஸ்கீ அநேகமாக ஒடுங்கலான கேம்பர் பலகையாக இருந்திருக்கும். அதில் கற்றதை இதில் மறக்க வேண்டும். தாடையை முன்னே தள்ளி, கணுக்காலை மடக்கி, பூட்டின் நாக்கில் கொஞ்சம் சாய்ந்து நில். முதல் நாள் முனை புதையும் என்று பயமாகத்தான் இருக்கும். புதையாது.

குளச்சல் டிரில்லுக்கு: முடியாது என்று இல்லை, ஆனால் செய்யாதே. உள்ளே மெட்டல் தகடு இருந்தால் 4.1 மி.மீ. பிட், இல்லாவிட்டால் 3.6. ஆழம் 9 மி.மீ., அதற்கு மேல் இறங்கவிடாத கழுத்து வைத்த பிட் வேண்டும். எது என்று பல ஸ்கீகளில் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நான் கடையில் சேர்வதற்கு முன் என் சொந்த ஜோடியில் சாதா மரப்பிட்டில் ஓட்டை போட்டேன். நாலாவது ஓட்டையில் கை ஒரு நொடி அதிகமாக அழுத்தியது, அடிப்பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு சின்ன கொப்புளமாக எழும்பியது. அந்தச் சத்தமில்லாத கொப்புளத்தை இன்னும் மறக்கவில்லை. போதாக்குறைக்கு, பூட் எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்ற அமைப்பைக் கடையில் கருவி வைத்துத்தான் சோதிக்க முடியும். அது முழங்கால் சமாச்சாரம்.


குளச்சல்_ஃபைபர்:

மக்களே, எனக்குப் பனியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஃப்ரீசர் பெட்டியில் மீனுக்கு மேலே கிடப்பதைப் பார்த்ததோடு சரி. ஆனால் முப்பது வருஷமாக ஃபைபர் வள்ளம் செய்கிறவன். உன் அப்பா கேட்டது வள்ளத்தில் நாங்கள் தினம் கேட்கிற கேள்வி. அடிவளைவு கூடினால் அலையில் ஏறும், ஆனால் நேரே போகச் சொன்னால் சுற்றும். வளைவு குறைந்தால் ஓட்டம் கிடைக்கும், அலையைக் குத்தும். ஆளும் இஞ்சினும் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் வளைவு வேலை செய்யும். அணியத்தில் வலையைக் குவித்துப் போட்டால் எந்த நல்ல வள்ளமும் மூக்கைக் குத்தும். அமரத்தில் இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், கடை இழுக்கும். விஸ்லர்காரர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

நான் எழுத வந்தது வேறு. பழைய தக்கையைக் கழற்றி மறுபடி அடைக்கிற வேலை இருந்தால், எங்கள் பட்டறையில் கிடக்கிற பாலியெஸ்டர் ரெசினைக் கொட்டிவிடாதே. அது இறுகும்போது சுருங்கும், பிடிப்பும் பத்தாது. எபாக்ஸி வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வள்ளத்திலேயே காசை விட்டவர்கள் உண்டு.

அப்புறம் ஸ்கீயின் ஓரத்தில் இரும்பு இருக்கிறதே, அதற்கு என்ன செய்திருக்கிறாய்? முட்டத்துக் கடற்காற்றும் ஆனி ஆடிச் சாரலும். கிணற்று வாளிக் கைப்பிடியே மூன்று மாதத்தில் சிவந்துவிடும் ஊர்.


முட்டத்துப்பையன்:

மாமா, கேட்டதும் எழுந்து போய்ப் பார்த்தேன். வலது ஸ்கீயின் உள்பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிறம். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வருகிறது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. போன வாரமே தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?


குளச்சல்_ஃபைபர்:

துருவை முதலில் எடு. மெல்லிய உப்புத்தாள், லேசான கை. அப்புறம் கிரீஸ் பூசி, உலர்ந்த துணியில் சுற்றி வை. தேங்காய் எண்ணெய் நாள் போனால் காறிவிடும், எறும்பு வேறு வரும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிவிடாதே, உள்ளேயே வியர்க்கும்.


தக்கலை_டு_விஸ்லர்:

கிரீஸ் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும், அடிப்பக்கத்துக்கு வராமல் பார்த்துக்கொள். அங்கே மெழுகு ஒட்டாது. இங்கே நாங்கள் கோடைக்கு மெழுகைத் தடித்து உருக்கி ஊற்றி, ஓரத்தையும் மூடி, சுரண்டாமல் அப்படியே வைப்போம். உன்னிடம் இஸ்திரிப் பெட்டியும் ஸ்கீ மெழுகும் இருந்தால் அதைச் செய். அம்மாவின் இஸ்திரிப் பெட்டி வேண்டாம், அப்புறம் வீட்டில் சண்டை.


பட்டாளத்துக்காரன்_மார்த்தாண்டம்:

தம்பிகளே, படித்துப் பார்த்தேன். என் 3 செ.மீ.யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் −2-ஐ நான் இன்னும் விடவில்லை. நிசெகோவில் அவ்வளவு பனி கொட்டுகிறது. அங்கே கெட்டிப் பனியில் எத்தனை நாள் ஓட்டப்போகிறான்?

ஒரு யோசனை. பூட்டை முன்பின் நகர்த்திக்கொள்கிற டெமோ பைண்டிங் என்று ஒன்று உண்டல்லவா? அதைப் போட்டால் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே.


தக்கலை_டு_விஸ்லர்:

நல்ல யோசனை அண்ணாச்சி. கடைகளில் வாடகை ஸ்கீக்கு அதைத்தான் போடுவோம். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். கொஞ்சம் கனம், காலும் சற்று உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஓட்டை அமைப்பு வேறு என்பதால் பழைய தக்கைகளோடு மோதுமா என்று புதிதாகப் பார்க்க வேண்டும். ஆனால் தம்பி பைண்டிங் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

கெட்டிப் பனியில் எத்தனை நாள் என்று கேட்டீர்கள். ஹோட்டலில் வேலை செய்பவனுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று பனிக்குத் தெரியாதே. பனி கொட்டி மூன்று நாள் கழித்து, எல்லாரும் ஓட்டி மேடு பள்ளமாக்கிய சரிவில்தான் பாதி நாள் கழியும். நான் அப்படித்தான் கழிக்கிறேன்.


முட்டத்துப்பையன்:

லீவு விஷயம் நூற்றுக்கு நூறு. புதன்கிழமை எனக்கு ஓய்வு, பனி எப்போதும் வியாழன் காலைதான் கொட்டும்.

முடிவு செய்துவிட்டேன், +1. ஒட்டுநாடா ஒட்டி, +1 கோட்டைப் பேனாவில் இழுத்து, பூட்டை மேலே வைத்துப் பார்த்தேன். அப்பா குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அணியத்துக்கு வந்தாலும் தப்பில்ல" என்றார். அதற்கு மேல் கேட்டால் கரமடி வலை இழுத்த கதை தொடங்கிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். ஓட்டை இங்கே போடவில்லை. நவம்பர் கடைசியில் குட்சானில் ஒரு கடையில் கொடுத்து, வெள்ளிப் பேனாவில் 297, +1 என்று எழுதச் சொல்லப் போகிறேன். துருவையும் எடுத்தாயிற்று.

வேறு ஏதாவது விட்டுவிட்டேனா அண்ணா?


தக்கலை_டு_விஸ்லர்:

பைண்டிங் பெட்டியைத் திற. பின்பாகத்தில் இரண்டு கம்பிக்கால் இருக்கும், ஸ்கீ கழன்றால் ஓடாமல் பிடிக்கிற பிரேக். அதன் அகலம் என்ன?


முட்டத்துப்பையன்:

110 என்று போட்டிருக்கிறது.


தக்கலை_டு_விஸ்லர்:

உன் ஸ்கீயின் நடு அகலம் 116. உள்ளேயே நுழையாது. வளைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே. பிரேக் மட்டும் தனியாகக் கிடைக்கும். நவம்பரில் கடைக்குப் போகும்போது 120 இருக்கிறதா என்று முதலில் கேள், ஓட்டை அப்புறம்.